மேல்சபையில் நமக்காகக் கேட்பது யார்?

(ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நடந்த நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

மேல்சபைகளில் நடக்கிற விவாதம் ஜனங்களுக்கு உபயோகமாக இருக்க என்ன வழி என்பது இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. தலைப்பைப் படித்ததுமே முன்வரிசையில் இருக்கிற தோழர், "கூலி பாக்கியைப் பேசுங்கள், ரேஷன் கார்டைப் பேசுங்கள், மேல்சபைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். செங்கல் சூளையில் நிற்கிறவனுக்கும், கரும்பு வெட்டப் போகிறவளுக்கும், கட்டிட வேலையில் சாரம் கட்டுகிறவனுக்கும் டில்லி ராஜ்யசபையும் பெங்களூர் விதான பரிஷத்தும் எட்டாத தூரத்தில் இருப்பவை. ஆனால் 2020 செப்டம்பர் 23-ஆம் தேதி அந்த ராஜ்யசபையில் ஒரு மசோதா நிறைவேறியது. வெளி மாநிலத்துக்குப் பிழைக்கப் போகிற தொழிலாளிக்கென்று 1979-லிருந்து இருந்த தனிச் சட்டத்தை எடுத்துவிட்டு, அதன் ஷரத்துகளை மாற்றி வேறொரு பெரிய சட்டத்துக்குள் சேர்த்த மசோதா அது. அன்று முக்கியமான எதிர்க்கட்சிகளின் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. நம்மைப் பற்றிய சட்டம், எதிர்த்துக் கேட்க வேண்டியவர்கள் இல்லாத சபையில் நிறைவேறியது. நமக்கும் மேல்சபைக்கும் சம்பந்தம் இதுதான். அதன் விவரத்துக்குப் பிறகு வருகிறேன்.

மேல்சபை என்றால் என்ன என்பதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். நம்மில் பெரும்பாலோர் விட்டு வந்த தமிழ்நாட்டில் இப்போது மேல்சபை கிடையாது. எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1986 நவம்பர் 1-ஆம் தேதி அது இல்லாமல் போனது. கலைஞர் ஆட்சியில் 2010-ல் அதைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பாராளுமன்றமும் சட்டம் செய்தது. 2011-ல் ஆட்சி மாறியது, தீர்மானமும் திரும்பிப் போனது. நாம் வந்து அடுப்பு மூட்டியிருக்கிற கர்நாடகத்தில் மேல்சபை இருக்கிறது. அதில் 75 அங்கத்தினர்கள். 25 பேரை எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், 25 பேரைப் பஞ்சாயத்து, நகரசபை போன்ற உள்ளாட்சி அங்கத்தினர்கள், 7 பேரைப் பட்டதாரிகள், 7 பேரை ஆசிரியர்கள், மீதி 11 பேர் கவர்னர் நியமனம். நாட்டில் ஆறு மாநிலங்களில்தான் இப்படி இரண்டாவது சபை இருக்கிறது. டில்லியில் இருப்பது ராஜ்யசபை. அதில் தமிழ்நாட்டுக்கு 18 இடம், கர்நாடகத்துக்கு 12 இடம்.

மேல்சபையே வேண்டாம் என்கிறவர்களின் வாதத்தை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஜனங்களிடம் ஓட்டுக் கேட்க வராதவர்களுக்கு அது கொல்லைப்புற வாசல் என்பார்கள். 1952-ல் ராஜாஜி தேர்தலில் நிற்காமலேயே, கவர்னர் அவரை மேல்சபைக்கு நியமிக்க, சென்னை ராஜ்யத்துக்கு முதலமைச்சர் ஆனது இந்தியா முழுவதும் பேச்சாயிற்று. தோற்றவருக்கு ஒரு நாற்காலி, கட்சிக்குப் பணம் கொடுத்தவருக்கு ஒரு நாற்காலி என்ற குற்றச்சாட்டு இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் தோழர்களே, வேண்டுமா வேண்டாமா என்று நம்மை யாரும் கேட்கப்போவதில்லை. நம் வரியில் நடக்கிற சபையிடம் எப்படி வேலை வாங்குவது என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

இந்த மண்ணுக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய கதை உண்டு. இங்கிருந்து பத்து மைல் தூரம்கூட இல்லாத மைசூரில், 1881-ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதிநிதி சபை என்று ஒன்று முதல் முறையாகக் கூடியது. அதை ஏற்படுத்தியவர் திவான் ரங்காச்சார்லு. மைசூர் டவுன் ஹாலுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்தது செங்கல்பட்டு ஜில்லா. ஒரு கணக்கில் அவரும் நம்மைப்போல அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்தான். என்ன, அவர் திவான் ஆனார், நாம் சித்தாள் ஆனோம்! அந்தச் சபைக்கு 144 பேர் வந்தார்கள். தசராவை ஒட்டிக் கூட்டம். சட்டம் செய்யவோ ஓட்டுப் போட்டு சர்க்காரை மாற்றவோ அவர்களுக்கு அதிகாரம் இல்லை. திவான் ராஜ்யத்தின் வரவு செலவையும் நடந்த வேலையையும் அவர்கள் முன்னால் படிப்பார். வந்தவர்கள் தங்கள் தாலுக்காவின் குறையைச் சொல்லலாம். பிறகு 1907-ல் சட்டசபை ஒன்றும் ஏற்பட்டது. இன்றைய விதான பரிஷத்துக்கு மூதாதை அதுதான். அதிகாரம் இல்லாத சபையில்கூட ஆள்கிறவனைக் கணக்குச் சொல்ல வைக்க முடியும் என்பதற்கு இந்த ஊர்ச் சரித்திரத்தையே சாட்சியாக வைக்கிறேன்.

இன்றைய மேல்சபைக்கும் அதிகாரம் குறைவுதான். பண மசோதா ராஜ்யசபைக்கு வந்தால் 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும். அது சொல்லும் திருத்தத்தைக் கீழ்ச்சபை ஏற்றுக்கொள்ளலாம், குப்பையிலும் போடலாம். கர்நாடக விதான பரிஷத் சாதாரண மசோதாவை முதல் தடவை மூன்று மாதம், இரண்டாம் தடவை ஒரு மாதம் நிறுத்திவைக்கலாம். அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே மேல்சபையின் பலம் கையில் இல்லை, வாயில் இருக்கிறது. அந்த வாயும் கூச்சலுக்கே போய்விட்டால் மிச்சம் என்ன? 2020 டிசம்பர் 15-ஆம் தேதி பெங்களூரில் விதான பரிஷத்தின் தலைவர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த துணைத் தலைவரை அங்கத்தினர்கள் பிடித்து இழுத்து இறக்கினார்கள். டெலிவிஷனில் நாடே பார்த்தது. நம் காலனி டீக்கடையில் பார்த்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்படியானால் உபயோகமான விவாதம் எப்படி இருக்கும்? நமக்கெல்லாம் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். அறிஞர் அண்ணா 1962-ல் ராஜ்யசபைக்குப் போனார். அப்போது சென்னை ராஜ்யத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் சூட்ட வேண்டும் என்று ஒரு தனிநபர் மசோதா அந்தச் சபையில் இருந்தது. கொண்டுவந்தவர் தமிழர் அல்ல. வங்காளத்துக் கம்யூனிஸ்டு அங்கத்தினர் பூபேஷ் குப்தா. 1963-ல் அதன்மேல் அண்ணா பேசினார். பெயரை மாற்றுவதால் உங்களுக்கு என்ன லாபம் என்று எதிர்த்தரப்பில் கேட்டார்கள். பாராளுமன்றத்துக்கு லோக்சபா என்றும், மாநிலங்களின் சபைக்கு ராஜ்யசபா என்றும் பெயர் மாற்றினீர்களே, அதில் உங்களுக்கு என்ன லாபம் வந்தது என்று அண்ணா திருப்பிக் கேட்டார். அந்தச் சபையின் பெயரை வைத்தே அந்தச் சபைக்குப் பதில்!

மசோதா தோற்றது. ஓட்டை மட்டும் எண்ணிப் பார்த்தால் அது வீண் வேலை. ஆனால் சொன்ன நியாயம் சபைக் குறிப்பில் ஏறிவிட்டது. 1967 ஜூலை 18-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 1968-ல் பாராளுமன்றம் சட்டம் செய்தது, 1969 ஜனவரி 14-ல் தமிழ்நாடு என்ற பெயர் வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, ஒரு வங்காளி தமிழனின் கோரிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்ததைத்தான். நமக்காகப் பேசுகிறவர் நம் ஜாதியாக, நம் மொழியாக, நம் ஊராக இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கன்னட அங்கத்தினர் ஒருவர் நம் கூலிக்காகக் கேள்வி கேட்டால் அதன் பலம் இரட்டிப்பாகும். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் கர்நாடகத்தின் பிரதிநிதியாக 2016-லும் 2022-லும் ராஜ்யசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு மாநில எல்லை அவ்வளவு லேசு. நமக்குத்தான் ரேஷன் கடை வாசலில் கனமாகிவிடுகிறது.

இனிக் கொஞ்சம் கசப்பான விஷயம். காவேரி. நாம் உட்கார்ந்திருப்பதே காவேரி சுற்றி ஓடுகிற தீவில். 2018 பிப்ரவரி 16-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின்படி மேலாண்மை வாரியம் அமைக்கவில்லையே என்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் ராஜ்யசபையின் நடுவில் வந்து அட்டையைத் தூக்கிப் பிடித்து நின்றார்கள். வேறு மாநிலத்தார் வேறு கோரிக்கைக்காக நின்றார்கள். நாள் மேல் நாளாகச் சபை ஒத்திவைக்கப்பட்டது. கோரிக்கை தப்பு என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூர் விவசாயிக்குத் தண்ணீர் வேண்டும், மண்டியா விவசாயிக்கும் வேண்டும். ஆனால் ஆணையம் 2018 ஜூன் 1-ல் அமைந்தது கோர்ட் உத்தரவால். அட்டையால் வந்தது என்ன? பதினெட்டுப் பேரும் பன்னிரண்டு பேரும் ஒரே கூரையின்கீழ் உட்காரும் இடம் இந்தியாவில் அது ஒன்றுதான். மாநிலங்களின் சபை என்று பெயர் வைத்ததே அதற்காகத்தான். மழை பொய்த்த வருஷத்தில் பற்றாக்குறையை எப்படிப் பங்கு போடுவது, அணையின் அளவுகளை இரண்டு பக்கமும் நம்புகிற மாதிரி யார் எடுத்துச் சொல்வது என்பதையெல்லாம் அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கேட்டிருக்கலாம்.

கேட்காமல் விட்ட இன்னொரு கேள்வியும் உண்டு. ஆற்றின் பெயரால் சண்டை வரும்போது, அந்தப் பக்கத்தில் இருக்கிற கன்னடக்காரருக்கும் இந்தப் பக்கத்தில் இருக்கிற தமிழருக்கும் பாதுகாப்பு என்ன? 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் நம் ஜனங்கள் பட்டதை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பஸ்கள் எரிந்ததை நீங்களே பார்த்தீர்கள். டில்லியில் அட்டை உயர்ந்தால் இங்கே நம் வயிற்றில் புளி கரைகிறது. நம்மைக் காப்பாற்றியது பல சமயம் பக்கத்து வீட்டுக் கன்னடத் தாய்மார்கள்தான். அட்டை பிடிக்கிறவர் அந்த ஊருக்குப் போய்விடுவார். நாம் இங்கேயே காலையில் எழுந்து குழாயடிக்குப் போக வேண்டும்.

இப்போது 2020-க்கு வருகிறேன். கொரோனா ஊரடங்கில் வேலை போய், நடந்தும் லாரியிலும் ரயிலிலும் ஊர் திரும்பிய கதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வருஷம் செப்டம்பரில் பாராளுமன்றம் கூடியபோது கேள்வி நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள். எழுத்து மூலமான பதில் மட்டும்தான். செப்டம்பர் 14-ல் லோக்சபையில், ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளிகள் இறந்தார்கள் என்ற கேள்விக்குத் தொழிலாளர் இலாகா சொன்ன பதில், அப்படி ஒரு கணக்கு வைத்திருக்கவில்லை என்பது. அதே மாதம் ராஜ்யசபையில், வங்காளத்து அங்கத்தினர் டெரெக் ஓ பிரையன் கேட்டது சிறிய கேள்வி: ஷ்ராமிக் ஸ்பெஷல் ரயில்களில் பயணத்தின்போது இறந்தவர்கள் எத்தனை பேர்? ரயில்வே மந்திரி பியூஷ் கோயலின் பதில் வந்தது: மாநிலப் போலீஸ் கொடுத்த விவரப்படி செப்டம்பர் 9 வரை 97 பேர்.

தொண்ணூற்றேழு. அதுவரை இல்லாத கணக்கு எங்கிருந்து வந்தது? தோழர்களே, நான் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன், சட்ட நுணுக்கம் தெரியாது. ஆனால் ரயில்வேயில் கிளார்க்காக இத்தனை வருஷம் காகிதத்தோடு குடித்தனம் செய்தவன். ஒரு ஆபீசுக்கு, "பயணிகள் படும் கஷ்டத்தைக் கவனிக்க வேண்டும்" என்று எழுதினால், "கவனிக்கப்படும்" என்று பதில் வரும். "இந்தத் தேதியில், இந்த நம்பர் வண்டியில், முன்பதிவில்லாத பெட்டி எத்தனை?" என்று எழுதினால் யாராவது ஒருவர் எழுந்துபோய் ரிஜிஸ்டரைப் புரட்டித்தான் ஆக வேண்டும். பெரிய கேள்விக்குத் தப்பித்துக்கொள்ள வழி பெரிது. சிறிய கேள்விக்கு வாசல் ஒன்றுதான். ரயிலில் இறந்தவனுக்கு ஒரு ஸ்டேஷன் உண்டு, ஒரு போலீஸ் குறிப்பு உண்டு. அதைத் தெரிந்துகொண்டு கேட்டதால் எண் வந்தது. நெடுஞ்சாலையில் நடந்து விழுந்தவனுக்கு ரிஜிஸ்டர் கிடையாது. அவனைப் பற்றி இன்னும் யாருக்கும் தெரியாது.

அந்த எண் வந்த சில நாளில் ராஜ்யசபையில் நடந்தது வேறு. செப்டம்பர் 20-ல் விவசாய மசோதாக்கள். ஓட்டெடுப்பு வேண்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. குரல் ஓட்டில் முடித்தார்கள். கூச்சல், மைக் பிடுங்கல், விதிப் புத்தகத்தைக் கிழிக்கும் வரை போனது. மறுநாள் எட்டு அங்கத்தினர்கள் சஸ்பெண்டு. அதைக் கண்டித்து எதிர்க்கட்சிகள் சபையைப் பகிஷ்கரித்தன. 23-ஆம் தேதி, மூன்று தொழிலாளர் மசோதாக்கள் ஒரே நாளில் நிறைவேறின. அன்றைக்கே சபையும் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. மசோதாக்கள் லோக்சபைக்கு வந்தது 19-ஆம் தேதி, அங்கே நிறைவேறியது 22-ஆம் தேதி, மேல்சபையில் மறுநாள். முந்திய வருஷத்து வடிவத்தை நிலைக்குழு பார்த்திருந்தது உண்மை. ஆனால் திருத்தி எழுதிய மசோதாவுக்குக் கிடைத்தது இவ்வளவு நேரம்தான்.

அதில் நமக்கு என்ன மாறியது? பழைய 1979 சட்டம், ஐந்து வெளிமாநிலத் தொழிலாளிகள் இருந்தாலே அந்த இடத்துக்குப் பொருந்தும். புதிய சட்டத்தில் பத்து பேர் இருக்க வேண்டும். நம் பக்கத்தில் எட்டுப் பேர், ஒன்பது பேர் வைத்து நடத்துகிற சூளைகளை எண்ணிப் பாருங்கள். பழைய சட்டத்தில் ஊர்விட்டு வருவதற்காக, மாதச் சம்பளத்தில் பாதி அல்லது 75 ரூபாய், எது அதிகமோ அதை இடப்பெயர்ச்சிப் படியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தது. புதியதில் அது இல்லை. ஊருக்குப் போய்வரும் பயணப்படி மட்டும் இருக்கிறது. சர்க்கார் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பழைய சட்டம் காண்டிராக்டர் அழைத்து வந்தவனைத்தான் கணக்கில் எடுத்தது. தானாகவே ரயில் ஏறி வந்து வேலை தேடிக்கொண்டவனையும் புதிய சட்டம், மாதம் 18,000 ரூபாய் வரம்புக்குள், சேர்த்துக்கொள்கிறது. இது நல்லது. பழைய சட்டத்தையும் யார் ஒழுங்காக அமல் செய்தார்கள் என்று கேட்டால் நம்மிடமே பதில் இல்லை. 2025 நவம்பர் 21 முதல் புதிய சட்டங்கள் அமலுக்கு வந்துவிட்டன.

ஆனால் ஐந்து ஏன் பத்தாயிற்று? இந்த ஒரு கேள்வியை ஒருவர் எழுந்து கேட்டு, மந்திரி ஒரு பதில் சொல்லி, அது சபைக் குறிப்பில் ஏறியிருக்க வேண்டுமா இல்லையா? பகிஷ்கரித்தவர்களுக்குக் காரணம் இருந்தது. சஸ்பெண்டு செய்தது சரி என்று நான் வாதாட வரவில்லை. ஆனாலும் அன்று ஒரே ஒரு மணி நேரம் உள்ளே போய், நம் மசோதாவில் நாலு திருத்தம் கொடுத்துத் தோற்றுவிட்டு வெளியே வந்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். பூபேஷ் குப்தாவும் தோற்றார், அண்ணாவும் தோற்றார். உள்ளே இருந்து தோற்றார்கள். ஆளும் தரப்புக்குச் சொல்ல வேண்டியது அதைவிடப் பெரியது. எதிரே ஆள் இல்லாத நேரத்தில் இவ்வளவு பெரிய சட்டங்களை ஓட்டிப் போனால் ஓட்டு மிச்சமாகலாம். குற்றம் குறை கண்டுபிடிக்கிற கண் போய்விடுகிறது. மேல்சபை தெரிவுக்குழுவுக்கு அனுப்பி இரண்டு மாதம் காத்திருந்தால் நாடு மூழ்கியா போயிருக்கும்? நிறைவேற்றிய பிறகு அமலுக்குக் கொண்டுவர ஐந்து வருஷம் எடுத்துக்கொண்டார்களே!

கூச்சல் இல்லாமலும் அங்கே காரியம் நடக்கும் என்பதற்கு இன்னும் இரண்டு உதாரணம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தனிநபர் மசோதாவுக்கான நேரம். அங்கத்தினர்கள் ஊருக்கு வண்டி ஏறக் கிளம்பிவிடும் நேரமும் அதுதான். 1952-லிருந்து சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் நம் திருச்சி சிவா, திருநங்கையர் உரிமைக்கான மசோதாவை 2015 ஏப்ரல் 24-ல் ராஜ்யசபையில் நிறைவேற வைத்தார். கீழ்ச்சபையில் அது தேறவில்லை. ஆனால் சர்க்கார் தானே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று, 2019-ல் கொண்டுவந்தது. அது சிவாவின் மசோதா அளவுக்கு இல்லை என்று திருநங்கையரே குறை சொன்னார்கள். இருந்தாலும் பேச்சே இல்லாத இடத்தில் பேச்சு வந்தது. இரண்டாவது, மனுக் குழு. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களின் ஒரே பதவி ஒரே பென்ஷன் கோரிக்கையை ராஜ்யசபையின் மனுக் குழு எடுத்து விசாரித்து, 2011 டிசம்பரில் கொடுத்தாக வேண்டும் என்று அறிக்கை வைத்தது. அது ஜனங்கள் எழுதிப் போட்ட மனுவில் ஆரம்பித்தது. அங்கத்தினர் ஒருவர் மேலொப்பமிட்டால் நாமும் மனுப் போடலாம். தமிழில் எழுதினால் மொழிபெயர்ப்பைச் சேர்க்க வேண்டும்.

மந்திரி, "பரிசீலிக்கிறோம்" என்று சபையில் சொன்னால் அதைக் குறித்துவைத்துத் துரத்துவதற்கு உறுதிமொழிக் குழு என்று ராஜ்யசபையில் 1972 முதல் ஒரு குழு இருக்கிறது. நம் ஆட்களுக்கு இது தெரியாது. தெரிந்தால், ஒவ்வொரு வருஷமும் நம் அங்கத்தினருக்கு, "போன வருஷம் மந்திரி சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று, குழுவில் கேட்டீர்களா?" என்று ஒரு கார்டு போடலாம். மாலையும் சால்வையும் போடுவதைவிட அது செலவு குறைவு.

பெங்களூர் மேல்சபையில் நமக்கு நேராகவே ஒரு வழி இருக்கிறது, அதை நாம் பூட்டியே வைத்திருக்கிறோம். தென் பட்டதாரித் தொகுதியில் மைசூர், மண்டியா, சாமராஜநகர், ஹாசன் ஜில்லாக்கள் வருகின்றன. 2022 ஜூனில் தேர்தல் நடந்தது. பதவிக் காலம் ஆறு வருஷம். இந்தத் தொகுதியில் சாதாரண ஓட்டர் லிஸ்டில் பெயர் இருந்தால் போதாது. தனி லிஸ்டு, ஒவ்வொரு தேர்தலுக்கும் புதிதாக எழுதுவார்கள். போன தடவை இருந்த பெயர் தானாக வராது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் ஆகியிருக்க வேண்டும், இந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும், படிவம் 18 எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தாள் வேலை செய்து படிக்க வைத்த பிள்ளைகள் இன்று பி.காம்., பி.எஸ்ஸி. என்று நம் காலனியிலேயே இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இந்தப் படிவத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? ஓட்டு நூறோ இருநூறோ, ஒரு லிஸ்டாகக் கொண்டுபோய் வைத்தால் அந்த அங்கத்தினர் நம் கேள்வியை வாங்கிப் படிப்பார். அவர் எந்தக் கட்சி என்பது எனக்கு இரண்டாம் பட்சம்.

அந்தக் கேள்வியை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். "வெளிமாநிலத் தொழிலாளர் நலன் காக்கப்படுமா?" என்று எழுதினால் "காக்கப்படும்" என்று வரும், நான் சொன்னேனே. இப்படி எழுதலாம்: மண்டியா ஜில்லாவில் பத்து அல்லது அதற்கு மேல் வெளிமாநிலத் தொழிலாளிகளை வைத்திருக்கும் சூளை, குவாரி, கட்டிட வேலை இடங்கள் எத்தனை? கடந்த ஒரு வருஷத்தில் லேபர் இன்ஸ்பெக்டர் நேரில் பார்த்தவை எத்தனை? அவற்றில் ஊருக்குப் போய்வரும் பயணப்படி கொடுத்தவை எத்தனை? பத்துக்குக் குறைவான ஆட்கள் இருக்கும் இடங்களைப் பற்றி இலாகாவிடம் ஏதாவது கணக்கு உண்டா? நாலு வரி. பதில் பூஜ்யம் என்று வந்தாலும் அது சபையில் அச்சாகும் பூஜ்யம். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் வாசலில் நிற்கலாம்.

ஆனால் பதில் சரியா தப்பா என்று சொல்ல நம்மிடம் நம் கணக்கு இருக்க வேண்டும். அதற்காகக் காரியதரிசியிடம் ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் தெரு வாரியாக எழுதுகிறோம். வேலை செய்கிற இடம், அங்கே இருக்கிற நம் ஆட்களின் எண்ணிக்கை, எந்த ஜில்லாவிலிருந்து வந்தார்கள், வந்த மாதம், யார் அழைத்து வந்தது அல்லது தானாக வந்ததா, போன தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊர் போகப் படி கிடைத்ததா. முதலாளியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. பெண்களின் பெயரை விடாமல் எழுதுங்கள்; புருஷனின் கூலியில் சேர்த்துவிட்டு அவர்களை ஆளாகவே எண்ணாத இடங்கள் இருக்கின்றன, எட்டாக இருப்பது பத்தாக ஆவதே அங்கேதான். பட்டதாரிப் பிள்ளைகளின் பெயருக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம்.